180 லிட்டரை வடித்துவிட்டு 178 லிட்டரைத் திரும்ப எடுப்பானேன்? சிறுநீரகத்தின் அமைப்பு பற்றி ஒரு சந்தேகம்

நீர்த்தச்சன் எழுதியது:

வணக்கம். நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சவ்வு வடிகட்டிகளோடு இருபது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறவன். மகளுக்கு, சிறுநீரகத்தின் நுண் வடிகட்டி அலகான நெஃப்ரானின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் வீட்டுப்பாடம். துணைக்கு உட்கார்ந்தேன், தூக்கம் போனது. படத்தில் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. எந்தப் பாகம் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை.

என் சந்தேகங்கள் மூன்று. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறதாம், வெளியே போவது ஒன்றரை லிட்டராம். எங்கள் நிலையத்தில் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவருகிறவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, எங்கள் சவ்வுகள் சில மாதங்களில் அடைத்துக்கொள்கின்றன. இது எழுபது எண்பது ஆண்டுகள் எப்படி ஓடுகிறது? மூன்றாவதுதான் மகள் கேட்டது. குளோமருலஸ் என்ற தந்துகி முடிச்சுக்குள் தமனி போகிறது, வெளியே வருவதும் தமனி என்றே எழுதியிருக்கிறது. தந்துகிக்குப் பிறகு சிரைதானே வர வேண்டும்? அச்சுப்பிழையா?

சுண்ணக்கட்டி எழுதியது:

அச்சுப்பிழை இல்லை. உங்கள் மகள் கேட்டதுதான் மூன்றிலும் பெரிய கேள்வி. முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியிருக்கிறேன். அதைக் கேட்ட மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உடலின் மற்ற இடங்களில் பெரும்பாலும் தமனி, தந்துகி, சிரை என்பதே வரிசை. சிறுநீரகத்தில் தமனி, தந்துகி, மறுபடியும் தமனி, மறுபடியும் தந்துகி, அதன்பின் சிரை. ஒரே இரத்தம் இரண்டு தந்துகித் தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. முதல் தொகுதி குளோமருலஸ். இரண்டாவது, வடிந்த நீர் ஓடும் நுண்குழலைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் வலை.

இந்த வரிசையால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாதாரணத் தந்துகியில் நுழைவாயிலில் அழுத்தம் 35 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருந்து, முடிவில் 15 அளவுக்கு இறங்கிவிடும். குளோமருலஸில் முழு நீளத்துக்கும் 60 அளவில் நிற்கிறது. வெளிச்செல் நுண்தமனி உட்செல் நுண்தமனியைவிடக் குறுகலானது, அதோடு தசைச்சுவர் உடையது என்பதே காரணம். சிரையாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க முடியாது. தமனியாக இருப்பதால் முடிகிறது. அந்த 60-இலிருந்து இரத்தப் புரதங்கள் நீரை உள்ளே பிடித்து வைக்கும் இழுவை 32-ஐயும், குளோமருலஸைச் சூழ்ந்து வடிநீரை ஏந்தும் பௌமனின் கிண்ணத்தில் எதிர்த்து நிற்கும் 18-ஐயும் கழித்தால் மிச்சம் 10. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிவது இந்தப் பத்து மில்லிமீட்டரால்தான். இதயம் ஏற்கெனவே கொடுத்த அழுத்தம் அது. வடிப்பதற்கென்று சிறுநீரகம் தனியாக ஆற்றல் செலவழிப்பதில்லை.

இனி அதே இரத்தம் வெளிச்செல் தமனியின் குறுகல் வழியாக நெருக்கிப் பிதுங்கி இரண்டாம் வலைக்கு வருகிறது. குறுகலைத் தாண்டியதால் அழுத்தம் 13 அளவுக்கு வீழ்ந்துவிட்டது. நீரில் ஐந்தில் ஒரு பங்கை இழந்ததால் புரதம் கெட்டியாகிவிட்டது. அதாவது தாகத்தோடு வருகிறது. நுண்குழல் திருப்பித் தரும் நீரை அது வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்? முதல் வலையில் பிழிந்த பிழிவே இரண்டாம் வலையில் உறிஞ்சும் விசையாகிறது. சிறுநீரகத்தைச் சல்லடை என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு எப்போதும் மனத்தாங்கல் உண்டு. சல்லடை பாதிக் கதைதான். வரிசையில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

நீர்த்தச்சன் எழுதியது:

ஐயா, இதை மூன்று முறை படித்தேன். இரண்டு தந்துகி வலைகளுக்கு நடுவே ஒரு வால்வு. இப்படி ஒரு வரி பாடத்தில் இருந்திருந்தால் நானும் அந்தக் காலத்தில் உயிரியலை வெறுத்திருக்க மாட்டேன்.

ஐந்தில் ஒரு பங்கு என்றீர்களே, மீதி நான்கு பங்கு?

நுண்ணோக்கி எழுதியது:

மீதி நான்கு பங்கு வடியாமல் சவ்வின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. அடைப்புப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. (நான் நோய்க்குறியியல் மேற்படிப்பில் இருக்கிறேன். சிறுநீரகத் திசுத் துணுக்குகளைப் பார்ப்பதுதான் அன்றாட வேலை.)

இரண்டு சிறுநீரகங்களுக்கும் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் வருகிறது. இதயம் வெளியேற்றுவதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. உடல் எடையில் அரை விழுக்காடு கூட இல்லாத உறுப்புக்கு இது. அதில் பிளாஸ்மா 625 மில்லிலிட்டர் என்று வைத்தால், வடிவது 125. மீதி 500 மில்லிலிட்டர் சவ்வைக் கழுவிக்கொண்டே ஓடுகிறது. உங்கள் துறையில் இதற்கு ஒரு பெயர் இருக்குமே?

நீர்த்தச்சன் எழுதியது:

குறுக்கோட்ட வடிப்பு! வடிகட்ட வேண்டிய நீரைச் சவ்வுக்கு நேர் எதிரே தள்ளாமல் அதன் பக்கவாட்டில் ஓடவிடுவது. நாங்கள் அடைப்பைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். ஆனால் தள்ளிப்போடத்தான் முடியும், ஒழிக்க முடியாது. அப்படியென்றால் மீதிப் பாதிப் பதில்?

நுண்ணோக்கி எழுதியது:

மீதிப் பாதி: உங்கள் சவ்வு உயிரற்றது, இது உயிருள்ளது.

மூன்று அடுக்குகள். இரத்தத்தை ஒட்டி, துளைகள் நிறைந்த மெல்லிய அகவணிச் செல்கள். துளை ஒவ்வொன்றும் 70 நானோமீட்டருக்குக் குறையாது, எனவே இரத்த அணுக்கள் நிற்கும், புரதங்கள் தாராளமாக நுழையும். அடுத்து அடிப்படைச் சவ்வு, 300 நானோமீட்டருக்குச் சற்று மேல் தடிமன். கொலாஜனும் எதிர்மின்னேற்றம் கொண்ட சர்க்கரைப் புரதங்களும் பின்னிய நார்ப்படுகை. கடைசியில் போடோசைட்டுகள். பெயரே காலுள்ள செல் என்றுதான் பொருள்படும். ஆக்டோபஸ் போலத் தந்துகியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒன்றின் கால்விரல்களுக்கு இடையே இன்னொன்றின் விரல்களைக் கோத்து நிற்கும். இரு கைகளையும் கோத்துப் பாருங்கள், அதே அமைப்பு. விரல்களுக்கு இடையிலுள்ள பிளவில் ஒரு நுண்ணிய திரை. அந்தத் திரையின் முக்கியப் புரதம் நெஃப்ரின். 1998-இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தபோதுதான், பிறந்த குழந்தைகளின் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு மரபுவழி நோய்க்குக் காரணம் தெரிந்தது. அந்த ஒரு புரதம் பழுதானால் இரத்தப் புரதமான அல்புமின் தடையின்றி ஒழுகுகிறது.

அடைப்பை யார் எடுக்கிறார்கள்? சவ்வில் சிக்கும் குப்பைகளைத் தந்துகிகளுக்கு நடுவே இருக்கும் மெசாஞ்சியல் செல்கள் விழுங்குகின்றன. அடிப்படைச் சவ்வு மெதுவாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. தப்பி வடிந்த சிறிதளவு புரதத்தை, நுண்குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழல் விழுங்கிச் செரித்து அமினோ அமிலமாகத் திருப்பித் தருகிறது.

ஆனால் எல்லாவற்றையும் பழுதுபார்க்க முடியாது. போடோசைட்டுகள் பெருகுவதில்லை என்றே சொல்லலாம். ஒன்று உதிர்ந்தால் பக்கத்திலிருப்பது காலை நீட்டி இடத்தை மூடப் பார்க்கும். மூட முடியாத அளவுக்கு உதிர்ந்தால் அங்கே தழும்பு. நீரிழிவில் நான் கண்ணாடித் தகட்டில் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தைத்தான்.

தெளிநீர் எழுதியது:

நல்ல விளக்கம். அதனால்தான் சொல்கிறார்கள், நாளுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடித்து இந்தச் சல்லடையைக் கழுவிவிட வேண்டும் என்று. நான் தவறாமல் செய்கிறேன்.

சுண்ணக்கட்டி எழுதியது:

நண்பரே, நீங்கள் குடிக்கும் நீர் அந்தச் சல்லடையைக் கழுவுவதில்லை. அதை ஏற்கெனவே நாள்தோறும் 180 லிட்டர் கடந்துபோகிறது. ஆறு லிட்டர் அதற்கு ஒரு பொருட்டா? ஆரோக்கியமானவர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும்போது வடிப்பு வேகம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வரிசையின் கடைசியில் இருக்கும் சேகரிப்பு நாளம். சிறுநீரில் நீர் வீணாகாமல் காக்கும் ஏடிஎச் ஹார்மோன் குறைந்ததும் அதன் செல்கள் நீர்வாய்க்கால் புரதங்களை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன, உபரி நீர் வெளியே போகிறது. அவ்வளவே. கல் உண்டானவர்களுக்கு நிறையக் குடிக்கச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது, சிறுநீர் நீர்த்திருந்தால் படிகம் சேராது. இதயமோ சிறுநீரகமோ தளர்ந்தவர்களுக்கு ஆறு லிட்டர் ஆபத்தாகவும் முடியும்.

இரவுப்பணி எழுதியது:

கடைசி வரியை இரண்டு கைகளாலும் ஆமோதிக்கிறேன். டயாலிசிஸ் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் நோயாளிகளுக்கு ஒரு டம்ளர் கூடினாலும் கணக்கு.

நீர்த்தச்சன் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் செயற்கை வடிகட்டி உங்கள் துறைக்கு நெருங்கிய உறவு. தலைமுடி அளவு பருமனில் ஏறத்தாழ பத்தாயிரம் உள்ளீடற்ற இழைகள், இழைக்குள் இரத்தம், வெளியே எதிர்த்திசையில் கரைசல். நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் கரைசல் ஓடுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் கரைசலில் எதற்குச் சோடியமும் குளுக்கோஸும் பைகார்பனேட்டும் கலக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. கழிவை எடுக்கத்தானே இயந்திரம்?

பிறகுதான் புரிந்தது. இயந்திரத்தில் சவ்வு இருக்கிறது, நுண்குழல் இல்லை. போனதைத் திரும்ப எடுக்க அதற்கு வழி கிடையாது. அதனால் நல்லவை போகாதபடி வெளியேயும் அதே அளவில் வைத்துவிடுகிறோம். குளோமருலஸை மனிதர் ஓரளவு செய்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் வரும் குழாயைச் செய்வதுதான் கடினம்.

நீர்த்தச்சன் எழுதியது:

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி, சகோதரி.

அப்படியானால் அந்தக் குழாய்க்கு வருவோம். 178 லிட்டரைத் தள்ளும் பம்பு எங்கே இருக்கிறது?

நுண்ணோக்கி எழுதியது:

நீரைத் தள்ளும் பம்பு எங்கேயுமே இல்லை. சோடியத்தைத் தள்ளும் பம்புதான் இருக்கிறது, மற்றவை அதன் பின்னால் ஓடுகின்றன.

அண்மைச் சுருள் நுண்குழலின் ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு முகங்கள். வடிநீரைப் பார்க்கும் முகத்தில் தூரிகை போல நுண்விரலிகள், பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. இரத்தத்தைப் பார்க்கும் முகம் ஆழமாக மடிந்து கிடக்கிறது, மடிப்புகளுக்கு நடுவே மைட்டோகாண்ட்ரியாக்கள் அணிவகுத்து நிற்கின்றன. சோடியம் பம்பு இந்தப் பின்முகத்தில் மட்டும்தான். அது சோடியத்தைப் பின்பக்கமாக இரத்தத்தை நோக்கி எறிகிறது. செல்லுக்குள் சோடியம் குறைகிறது. முன்முகத்தில் வடிநீரின் சோடியம் உள்ளே விழத் துடிக்கிறது. அங்கே நிற்கும் கடத்திகள், சும்மா விடமாட்டேன், குளுக்கோஸைக் கையோடு கூட்டி வந்தால்தான் வழி என்கின்றன. அமினோ அமிலத்துக்கும் இப்படியே. இவ்வளவும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனால் நீர் தானாகத் தொடர்கிறது. வடிந்த நீரிலும் சோடியத்திலும் மூன்றில் இரண்டு பங்கு இந்த முதல் பகுதியிலேயே திரும்பிவிடுகிறது, குளுக்கோஸ் முழுவதும்.

பம்பு இரு முகத்திலும் இருந்தால் எதுவும் நகராது. எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம். சுண்ணக்கட்டி ஐயா வரிசை என்றார், செல்லுக்குள்ளும் அதே கதை.

அளவையும் சொல்கிறேன். ஒரு நாளில் வடியும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. குளுக்கோஸ் 180 கிராம். கடத்திகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 முதல் 200 மில்லிகிராமைத் தாண்டும்போது சில நெஃப்ரான்களில் கடத்திகள் நிரம்பிவிடும், சர்க்கரை சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். இப்போது நீரிழிவுக்குத் தரும் ஒரு வகை மாத்திரைகள் இந்தக் கடத்தியைத்தான் வேண்டுமென்றே அடைக்கின்றன. அவற்றின் மூதாதை புளோரிசின், 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்தது.

நீர்த்தச்சன் எழுதியது:

அண்மைச் சுருளுக்குப் பிறகு வரும் ஹென்லே வளைவு ஏன் அப்படி உள்ளே போய்த் திரும்புகிறது? மகள் அதைக் கொண்டை ஊசி என்கிறாள்.

சுண்ணக்கட்டி எழுதியது:

கொண்டை ஊசி என்பது சரியான பெயர், நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.

இறங்கும் கை நீரை விடும், ஏறும் கை நீரை விடாது. ஏறும் கையின் தடித்த பகுதி உப்பை மட்டும் வெளியே எடுத்துச் சுற்றியுள்ள திசுவில் போடுகிறது. அந்த உப்பு பக்கத்தில் இறங்கும் கையிலிருந்து நீரை உறிஞ்சுகிறது, கெட்டியான அந்த நீர் திரும்பி ஏறும் கைக்கே வருகிறது, அங்கே மறுபடியும் உப்பு. ஒவ்வொரு படியிலும் சிறு வேறுபாடுதான். எதிரெதிர் ஓட்டத்தால் அது படிப்படியாகப் பெருகி, சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியில் 300 மில்லியாஸ்மோலாக (கரைபொருள் செறிவின் அலகு) இருக்கும் செறிவு, உட்பகுதியான மெடுல்லாவின் நுனியில் 1200 ஆகிறது. மெடுல்லாவின் உட்பகுதியில் யூரியாவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. அங்கே முழு விவரம் எப்படி என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சேகரிப்பு நாளம் இந்த உப்புக் காட்டின் நடுவே இறங்கிப் போகிறது. ஏடிஎச் இருந்தால் வாய்க்கால்கள் திறக்கின்றன, நீர் உப்பை நோக்கி ஓடுகிறது, சிறுநீர் கெட்டியாகிறது. ஏடிஎச் அறவே இல்லையென்றால் நாளுக்கு 18, 20 லிட்டர் வரை வெளியே போகலாம்.

பாலைவனத்துக் கங்காரு எலி தண்ணீர் குடிக்காமலே காலம் தள்ளும். உணவு எரிவதில் கிடைக்கும் நீரே அதற்குப் போதும். அதன் மெடுல்லா உடல் அளவோடு ஒப்பிட மிகத் தடிமன், சிறுநீர் நம்முடையதைவிட நான்கைந்து மடங்கு செறிவு. நீரிலேயே குடியிருக்கும் பீவருக்கு வளைவுகள் குட்டையானவை, சிறுநீரும் நீர்த்ததே.

நீர்த்தச்சன் எழுதியது:

இரத்தம் அந்த உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடாதா?

நுண்ணோக்கி எழுதியது:

போயிருக்கும், இரத்தக்குழாய் நேராகக் கடந்து போயிருந்தால். அதுவும் கொண்டை ஊசியாகத்தான் வளைகிறது. வாசா ரெக்டா என்று பெயர். இறங்கும்போது வாங்கிய உப்பை ஏறும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு, திரும்ப எடுத்த நீரை மட்டும் கொண்டுபோகிறது. ஓட்டமும் மெதுவானது.

இதற்கு விலை உண்டு. ஆக்சிஜனும் அதே குறுக்குவழியில் இறங்கும் கையிலிருந்து ஏறும் கைக்குத் தாவிவிடுகிறது. இரத்தத்தில் மிதக்கும் உறுப்பின் அடிப்பகுதி மூச்சுமுட்டும் விளிம்பில் வாழ்கிறது. இரத்த அழுத்தம் வெகுவாக விழுந்தால் நுண்குழல் செல்கள் முதலில் சாவது இதனால்தான். மாட்டிக்கொண்ட வடிவமைப்பு என்று நானே சில நேரம் நினைப்பேன்.

நீர்த்தச்சன் எழுதியது:

முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. எல்லாவற்றையும் வெளியே கொட்டி வேண்டியதைப் பொறுக்குவதற்குப் பதிலாக, கழிவை மட்டும் பொறுக்கி வெளியே போட்டால் ஆகாதா?

சுண்ணக்கட்டி எழுதியது:

ஆகும் என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். 1842-இல் பௌமன் கிண்ணத்தை விவரித்தபோது, குளோமருலஸ் நீரை மட்டும் விடுகிறது, கழிவை நுண்குழல்தான் சுரக்கிறது என்று கருதினார். அதே ஆண்டில் லுத்விக், எல்லாம் அழுத்தத்தால் வடிகிறது, பிறகு திரும்பப் போகிறது என்றார். சண்டை எண்பது ஆண்டுகள் நீண்டது. 1924-இல் வேர்ன், ரிச்சர்ட்ஸ் இருவரும் தவளையின் கிண்ணத்துக்குள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயை நுழைத்து அந்த நீரை எடுத்துச் சோதித்தார்கள். அதில் புரதம் இல்லை, சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் சர்க்கரை இல்லை. வழியில் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன முறையிலும் வாழ்கிற உயிர்கள் உண்டு. கடற்குதிரைக்கும் சில கடல் மீன்களுக்கும் குளோமருலஸே கிடையாது, சுரந்தே சமாளிக்கின்றன. நம் நுண்குழலும் சிலவற்றைச் சுரக்கிறது, பென்சிலின் பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. ஆனால் பொறுக்கி எறிய, எறியப்படுவதை அடையாளம் காணும் கடத்தி தேவை. நாளை உடலுக்குள் வரப்போகும் புதிய வேதிப்பொருளுக்கு இன்றே யார் கடத்தி செய்து வைப்பது? எல்லாம் வடிந்துவிட்டால், தெரிந்ததை எடுத்துக்கொண்டால் போதும். தெரியாதது தானாகப் போகும். இது என் சார்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நுண்ணோக்கி எழுதியது:

பாதி மறுக்கிறேன். கொழுப்பில் கரையும் புதிய பொருள்கள் வடிந்த பிறகும் குழல் சுவர் வழியாகத் தானாகவே திரும்பிவிடுகின்றன. கல்லீரல் அவற்றை நீரில் கரையும்படி மாற்றித் தந்தால்தான் உங்கள் வாதம் நிற்கும். எனக்குப் பெரிய காரணம் வேகம். மூன்று லிட்டர் பிளாஸ்மா நாளுக்கு 60 முறை வடிகிறது. ஏதாவது கூடிக் குறைந்தால் திருத்த நாள் முழுதும் வாய்ப்பு.

நீர்த்தச்சன் எழுதியது:

வேகம் சரி, ஆனால் எனக்கு வயிறு கலங்குகிறது. இப்போது கணக்குப் போட்டேன். 180-இல் ஒன்றரை வெளியே போகிறது என்றால் மீட்பு 99.2 விழுக்காடு. அது 98.3 ஆக இறங்கினாலே சிறுநீர் இரட்டிப்பாகும். இவ்வளவு நுணுக்கமான சமநிலையை அளவுமானி இல்லாமல் நான் ஒரு நாள் கூட ஓட்ட மாட்டேன். வடிப்பு கூடிவிட்டது என்று குழாயின் பின்பகுதி முன்பகுதிக்கு எப்படிச் சொல்கிறது?

இரவுப்பணி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லலாமா? படித்ததில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

மகளின் படத்தைப் பாருங்கள். குழல் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் தூரத்தில் முடிவதாக வரைந்திருப்பார்கள். இடம் போதாமல் நீட்டி வரைவது. உண்மையில் ஹென்லேயின் ஏறும் கை புறணிக்குத் திரும்பி, தான் புறப்பட்ட அதே குளோமருலஸின் வாசலுக்கே வருகிறது. உட்செல், வெளிச்செல் தமனிகள் இரண்டுக்கும் நடுவே தொட்டுக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டு குளோமருலஸ் இல்லை, சொந்த குளோமருலஸ். தொடும் இடத்தில் செல்கள் நெருக்கமாக நின்று, கடந்துபோகும் உப்பைச் சுவை பார்க்கின்றன. உப்பு அதிகமாக வந்தால், வடிப்பு வேகம் கூடிவிட்டது என்று பொருள், உட்செல் தமனியைச் சுருங்கச் சொல்கின்றன. உப்பு குறைந்தால் அது தளர்கிறது, பக்கத்துச் செல்கள் ரெனின் என்ற நொதியை விடுகின்றன, அதன் வழியாக வெளிச்செல் தமனி இறுகுகிறது. உங்கள் அளவுமானி அதுதான்.

நீர்த்தச்சன் எழுதியது:

படத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்துகொண்டிருக்கிறாள். வெளிச்செல் தமனியை மெல்லிசாக, இரண்டாம் வலை சேர்த்து, குழலை வளைத்துத் திரும்ப வாசலுக்கே கொண்டுவந்து. அந்தத் தொடும் இடத்துக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. என்ன எழுதட்டும் என்று கேட்கிறாள்.

இரவுப்பணி எழுதியது:

மாக்குலா டென்சா. அடர்ந்த புள்ளி என்று பொருள். நுண்ணோக்கியில் உட்கருக்கள் நெருக்கமாகத் தெரிவதால் வைத்த பெயர்.

சுண்ணக்கட்டி எழுதியது:

திருத்துகிறவர் குழலின் முடிவைத் தேடிக் குழம்புவார். சேகரிப்பு நாளத்தையும் மறக்காமல் வரையச் சொல்லுங்கள்.